லண்டனில் நாற்பது அமெரிக்கர்கள்

பதினோரு வருடமாக அமெரிக்கர்களின் மனதைப் படித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். இந்தப் பயணத்துக்கு முன்பு ஓர் அமெரிக்கரைக்கூட நேரில் பார்த்ததில்லை.

கோவை பீளமேட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் அலுவலகம். அமெரிக்காவில் யாரோ யாருக்கோ போன் செய்து, "தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்கள் உங்களுக்கு நல்லதா கெட்டதா, ஏன்?" என்று கேட்பார்கள். அந்த 'ஏன்' என்பதற்கு ஜனங்கள் சொன்னதெல்லாம் அப்படியே தட்டச்சாகி எங்களுக்கு வரும். நாங்கள் ஒன்பது பெண்கள் அதைப் படித்து எண் போடுவோம். வேலை போய்விடும் என்று சொன்னால் 11. சாமான் விலை குறையும் என்றால் 12. சீனாமேல் கோபம் 23. கேள்வி கேட்டவரையே திட்டினால் 91. இந்த எண்களின் பட்டியலுக்குக் கோட் புக் என்று பெயர். அமெரிக்காவில் இருந்த பழைய அலுவலகத்தை மூடியபோது வேலையோடு சேர்ந்து அதுவும் எங்களிடம் வந்தது.

அதில் 44 மட்டும் யாருக்கும் புரியாது. '44 - மார்வின்' என்று இருக்கும். விளக்கம் எதுவும் கிடையாது. மார்வின் என்பவர் பெரிய பொருளாதார அறிஞராக இருப்பார் என்று எங்கள் பழைய மேலாளர் சொன்னார். நாங்களும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கருத்து எதுவும் சொல்லாமல் சொந்தக் கதை பேசுகிறவர்களை எல்லாம் மார்வினில் போட்டுவிடுவோம். ஒவ்வொரு அறிக்கையிலும், 'வேலை இழப்பு', 'விலைவாசி' ஆகியவற்றுக்குக் கீழே 'மார்வின்' என்று ஒரு வரி இருக்கும். எந்த வாடிக்கையாளரும் அது என்ன என்று கேட்டதில்லை.

இந்த வருடம் மேலாளர் சீனிவாசன் எங்களை உட்கார வைத்துப் பேசினார். எண் போடும் வேலையை இனி கணினியே செய்துவிடும் என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். மனிதர்களால்தான் முடியும் என்று நாம் காட்ட வேண்டுமானால், யாராவது நேரில் போய் நாற்பது அமெரிக்கர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு வர வேண்டும். சரி, யாரை அமெரிக்காவுக்கு அனுப்புவது? அமெரிக்க விசாவுக்கு வரிசை நீளம். லண்டன் விசா சீக்கிரம் கிடைக்கும். லண்டனில் எப்போதும் அமெரிக்கர்கள் இருப்பார்கள். ஆகவே அமெரிக்காவின் பொதுமக்கள் கருத்தை அறிய, நாற்பத்தாறு வயதில், முதல் முறையாக விமானம் ஏறி நான் இங்கிலாந்துக்குப் போனேன்.

லண்டனின் கோலியர்ஸ் வுட் பகுதியில் ஜெசிந்தா அக்கா வீட்டில் ஓர் அறை ஏற்பாடாகியிருந்தது. அக்காவும் அவர் கணவர் அன்ரன் அண்ணையும் இலங்கை மன்னார்க்காரர்கள். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறார். அண்ணை இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறார். நான் போய் இறங்கியதும் அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். அக்கா இரண்டு முறை திரும்பக் கேட்டார். பிறகு உள்ளே திரும்பி, "இஞ்ச வாங்கோப்பா, இதைக் கேளுங்கோ" என்று அண்ணையைக் கூப்பிட்டார். அண்ணை வந்து நின்று கேட்டுவிட்டு, "அமெரிக்கன் என்ன நினைக்கிறான் எண்டு லண்டனில கேக்கிறதுக்குக் கோயம்புத்தூரிலயிருந்து ஆள் அனுப்பியிருக்கிறாங்கள்" என்று செய்தி வாசிப்பதுபோல நிதானமாகச் சொன்னார். அப்படிச் சொல்லிக் கேட்டபோது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

அன்று சாப்பாடு புட்டும் மீன் குழம்பும். உறைப்பில் காது அடைத்தது. தயிர் கேட்டேன். அக்கா பழங்கள் போட்ட இனிப்புத் தயிர் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். ஸ்ட்ராபெரித் தயிரும் மீன் குழம்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கு இப்போது தெரியும்.

மறுநாள் காலை ட்யூப் என்ற பாதாள ரயிலில் ஏறி நகரத்தின் நடுவுக்குப் போனேன். ஆற்றங்கரையில் கூட்டம் கூட்டமாக வெள்ளைக்காரர்கள். என் ஒரு கையில் கேள்வித்தாள் செருகிய அட்டை, மறு கையில் பேனா, கழுத்தில் அடையாள அட்டை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவர்களில் யார் அமெரிக்கர்? பதினோரு வருடமாக அவர்களை எழுத்தில் மட்டுமே பார்த்தவள் நான். அவர்களுக்கு முகம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது.

பெரிய வெள்ளை ஷூ போட்டிருப்பவர்கள் அமெரிக்கர்கள் என்று சுகந்தி சொல்லி அனுப்பியிருந்தாள். சுகந்தி எங்கள் ஒன்பது பேரில் இளையவள். எங்கிருந்தோ படித்திருக்கிறாள். முதலில் பிடித்த வெள்ளை ஷூ ஒரு போலந்துக்காரர். இரண்டாவது ஜெர்மானியர். மூன்றாவதாக ஒரு கணவன் மனைவி. நீங்கள் அமெரிக்கர்களா என்று கேட்டதும் அந்த அம்மாள் முகம் சிவந்துவிட்டது. அவர்கள் கனடாக்காரர்களாம். கணவர் என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "தெரியாமல்தானே கேட்டாய், பரவாயில்லை" என்று சொன்னார். ஏதோ துக்க வீட்டில் தப்பாகப் பேசிவிட்டதுபோல இருந்தது எனக்கு.

பிறகு ஒரு காவலாளி வந்தார். இந்த நடைபாதை பொது இடம் போலத் தெரிந்தாலும் தனியாருக்குச் சொந்தம், இங்கே கேள்வி கேட்கக் கூடாது என்றார். எங்கிருந்து எதுவரை தனியார் என்று கேட்டேன். அவர் குனிந்து, தரையில் கற்களின் நிறம் மாறும் இடத்தைக் காட்டினார். நான் கல்லைத் தாண்டி நின்றுகொண்டேன். அவர் இந்தப் பக்கமே நின்று என்னைப் பார்த்தபடி இருந்தார். அமெரிக்கர்களோ அவர் பக்கத்துக் கல்லில்தான் நடந்தார்கள்.

அன்றைக்கு அதிக நேரம் பேசியவர் ஓர் ஆங்கிலேயர். அமெரிக்கா, வர்த்தக ஒப்பந்தம் என்ற இரண்டு சொற்களும் காதில் விழுந்ததும் தானாகவே வந்து நின்றார். அமெரிக்காவில் கோழியைக் குளோரினில் கழுவுகிறார்கள், ஒப்பந்தம் போட்டால் அந்தக் கோழி இங்கே வந்துவிடும் என்றார். உங்களிடம் கேட்க எனக்கு அனுமதி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை என்று சொல்லி மேலும் பேசினார். நான் சைவமா என்று விசாரித்தார். இல்லை என்றதும், அப்படியானால் நீங்களும் கவலைப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலை வரை நின்று இரண்டே பேர் கிடைத்தார்கள். டெக்சஸ்காரக் கணவனும் மனைவியும். கணவர் ஒப்பந்தங்களுக்கு ஆதரவு, மனைவி எதிர்ப்பு. காரணம் கேட்டபோது இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: மாட்டிறைச்சி. அதன் பிறகு அவர்கள் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள்.

வீடு திரும்பினால் அங்கே புதிதாக ஒருவர். ஜெசிந்தா அக்காவின் தங்கை, பிலோமினா. இரண்டு பெரிய பெட்டிகளோடு அன்று மதியம்தான் வந்து இறங்கியிருந்தார். அக்கா வறுத்து இடிக்கும் மிளகாய்த்தூள்தான் வருடக்கணக்காக அவர் வீட்டுக் குழம்புக்கு. முன்பெல்லாம் மாதம் ஒரு பொட்டலம் தபாலில் போகுமாம். இப்போது சின்னப் பொட்டலத்துக்கும் வரி, காகிதம், கையெழுத்து. கடைசியாக அனுப்பியது இரண்டு மாதம் எங்கோ சுற்றிவிட்டு, பாதி கிழிந்து, இதே வீட்டு வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆகவே அவரே நேரில் வந்து பெட்டியில் போட்டுக்கொண்டு போகத் தீர்மானித்துவிட்டார். தூளுக்காகவா இவ்வளவு தூரம் என்று நான் கேட்டதற்கு, அக்காவைப் பார்க்கவும்தான் என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

அடுத்த நாள் காலை இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சாப்பிட்டுக்கொண்டே என் குறையைச் சொன்னேன். லண்டன் முழுக்க அலைந்தும் அமெரிக்கர்கள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் நிற்கவில்லை, நாற்பது பேருக்கு எங்கே போவேன் என்று புலம்பினேன். மேசைக்கு எதிரே பிலோமினா இடியப்பத்தைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னையேன் கேக்கேல்லை?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நான் இருபத்திரண்டு வருஷமா நியூ ஜெர்சியில இருக்கிறன். சிற்றிசன். ஒவ்வொரு எலெக்சனுக்கும் வோட்டுப் போடுறன். அமெரிக்கன் எண்டா எப்படி இருக்கவேணும் எண்டு நினைச்சீங்கள்?"

முந்தின நாள் மாலை முழுக்க அவர் பெட்டியைத் தூக்க உதவினேன், அவர் வீட்டுக் குளிரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். அந்த ஒரு கேள்வி மட்டும் தோன்றவே இல்லை. ஷூவைப் பார்த்து ஆள் தேடியவள், இவர் பாதத்தில் இருந்த அக்காவின் பழைய செருப்பைப் பார்த்து முடிவு செய்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு என்னத்துக்கு? எழுதுங்கோ" என்றார்.

எழுதினேன். தடையற்ற வர்த்தகத்துக்குப் பிலோமினா தீவிர எதிர்ப்பு. அவர் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழாய் வால்வு செய்கிறார்கள். வெளிநாட்டு வால்வு வந்து குவிந்தால் அவர்கள் கதி என்ன? எல்லாப் பொருளையும் அமெரிக்காவிலேயே செய்ய வேண்டும். அப்படியானால் மிளகாய்த்தூள் என்றேன். பிலோமினா என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தூள் வேற, வால்வு வேற. தூளுக்கு வரி போடுறது அநியாயம்."

தொழிற்சாலைக்கும் தூளுக்கும் சேர்த்து என்ன எண் போடுவது என்று யோசித்து, அப்போதைக்குக் காலியாக விட்டேன்.

எனக்கு வழி காட்டியவர் அன்ரன் அண்ணை. வெள்ளையெண்டா எல்லாரும் அமெரிக்கனோ என்று முதலில் என்னைக் கேலி செய்தார். பிறகு தொழில் ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "பஸ்ஸின்ர மேல் தட்டில, முன் சீற்றுக்குப் போங்கோ. ஊர்ச் சனம் அங்க இருக்காது. வெளியாக்கள்தான் படம் எடுக்க ஓடிப்போய் இருக்கிறவை. இருந்தா எழும்ப மாட்டினம். நீங்கள் கேக்கிறதைக் கேட்டுத்தான் ஆகவேணும்."

அது உண்மை. நான்காம் நாள் முழுக்க நகரத்தின் குறுக்கே போய்வரும் ஒரு பஸ்ஸின் மேல் தட்டிலேயே இருந்தேன். கோவையில் பஸ்ஸின் முன் சீட் என்றால் கண்டக்டரின் பை, டிரைவரின் சாப்பாட்டுத் தூக்கு, எஞ்சின் சூடு. இங்கே அது பால்கனி. ஆள் உட்கார்ந்ததும் பின்னாலிருந்து மெதுவாகக் குனிந்து, நீங்கள் அமெரிக்காவிலிருந்து வருகிறீர்களா என்று கேட்பேன். முன்னால் கண்ணாடி, பக்கத்தில் நான். அவர்களால் தப்ப முடியாது.

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், தான் போய்ப் பார்த்த நாடுகளோடு மட்டும் ஒப்பந்தம் போடலாம் என்றார். இந்தியா என்றேன். அடுத்த வருடம் வருவதாக இருக்கிறேன், வந்தபிறகு கேள் என்றார். இன்னொருவர் எல்லா ஒப்பந்தங்களுக்கும் ஆதரவு, ஆனால் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டேன். பேசிக்கொண்டிருக்கும்வரை இரண்டு நாடுகளும் சண்டை போடாது, கையெழுத்துப் போட்டால்தான் ஏமாற்றம் தொடங்கும் என்றார். தன் இரண்டு திருமணங்களையும் உதாரணம் காட்டினார். அவரை யோசிக்காமல் 44-இல் போட்டேன்.

லண்டனிலேயே பத்து வருடமாக வசிக்கும் ஓர் அமெரிக்கப் பெண், "நாம் அவர்களை நம்பக் கூடாது" என்று உறுதியாகச் சொன்னார். இதில் நாம் யார், அவர்கள் யார் என்று கேட்டேன். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டார்.

சிக்கல் பஸ்ஸிலிருந்தே வந்தது. இந்த ஊரில் பஸ் தன் போக்கை வழியிலேயே மாற்றிக்கொள்ளும். நல்ல பெண் குரல் ஒன்று, இந்த பஸ் இங்கேயே நின்றுவிடும், தயவுசெய்து இறங்குங்கள் என்று சொல்லும். காரணம் சொல்லாது. எல்லோரும் பேசாமல் இறங்குவார்கள். நம் ஊரில் என்றால் கண்டக்டரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருப்பார்கள். மூன்று முறை ஆறாம் கேள்வியில் குரல் வந்துவிட்டது. தாளில் இருந்த ஆறு கேள்விகளும் முடிந்தால்தான் பேட்டி முழுமை. ஒரு முறை நான் எழுந்து, படியில் இறங்கிக்கொண்டிருந்த ஓர் ஓஹாயோக்காரரின் முதுகைப் பார்த்து, "மொத்தத்தில் ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டேன். அவர் திரும்பாமலே கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அதை எழுதவா விடவா என்று தெரியாமல், மழையில் நின்றேன்.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் அப்படியே போயின. எண்ணிக்கை ஏறியது. சீனிவாசன் தினமும் அழைத்தார். நாற்பது முழுசா இருந்தால்தான் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வார், முப்பத்தொன்பது என்றால் ஒன்றுமில்லாததற்குச் சமம் என்றார். கடைசி நாள் மதியம் என் அட்டையில் முப்பத்தொன்பது இருந்தது.

நாற்பதாவதாக மேல் தட்டு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண்மணி. குட்டையாக வெட்டிய நரைமுடி, நீல மழைக்கோட்டு. மடியில் பேரக் குழந்தைக்கு வாங்கிய சிவப்பு பஸ் பொம்மை. அமெரிக்காவா என்றேன். நெப்ராஸ்கா என்றார். பெயர் டார்லீன். மகன் இங்கே வேலை செய்கிறான், குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றார். முதல் கேள்வியைப் படித்தேன்.

டார்லீன் கையை நீட்டி என் அட்டையைத் தாழ்த்தினார். "நீ எல்லோரிடமும் 'நல்லதா கெட்டதா' என்றே கேட்கிறாயா? ஒருவருக்கு நல்லதை முன்னால் சொன்னால் அடுத்தவருக்குக் கெட்டதை முன்னால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேர் முதலில் காதில் விழுந்ததைச் சொல்வார்கள்."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் அந்தப் பெண் குரல் வந்தது. இந்த பஸ் இங்கேயே நின்றுவிடும். இருவரும் இறங்கினோம். மழை வலுத்திருந்தது. எதிரே ஒரு சின்ன டீக்கடை. முட்டை, சாசேஜ் எல்லாம் படம் போட்டு வைத்திருக்கும் கடை. உள்ளே போய் உட்கார்ந்தோம்.

டீ வந்தது. டார்லீன் தானாகவே சொன்னார். அவர் ஊரில் பத்தொன்பது வருடம் இதே வேலை செய்தவர். போனில் வந்த பதில்களைப் படித்து எண் போடுவது. முப்பது பெண்கள் இருந்த அலுவலகம், அவர்தான் மேற்பார்வை. ஒரு நாள் மூடிவிட்டார்கள். வேலை இந்தியாவுக்குப் போயிற்று என்று மட்டும் சொன்னார்கள், எந்த ஊர் என்று சொல்லவில்லை. அதன் பிறகு பள்ளிக்கூட பஸ்ஸில் உதவியாளர், முதியோர் இல்லத்தில் துணி மடிக்கும் வேலை, கொஞ்ச நாள் ஒன்றுமில்லை.

நான் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். சர்க்கரை போடவே இல்லை. பேசாமல் ஆறு கேள்விகளையும் கேட்டு முடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாற்பது ஆகியிருக்கும். ஆனால் பிலோமினாவிடம் ஒரு முறை கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்ட கூச்சம் இன்னும் போகவில்லை. எங்கள் கோட் புக் அவர் அலுவலகத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று தோன்ற, கடைசியில் கேட்டுவிட்டேன்.

"மார்வின் யார்?"

டார்லீன் கோப்பையைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அது இன்னும் இருக்கிறதா?" என்றார்.

இருக்கிறது என்றேன். பதினோரு வருடமாக ஒவ்வொரு அறிக்கையிலும் இருக்கிறது என்றேன்.

மார்வின் ஒரு விவசாயி. எந்தக் கணிப்புக்கு அழைத்தாலும், எந்தக் கேள்வி கேட்டாலும், தன் மனைவி விட்டுப்போன பியானோவைப் பற்றியே பேசுவாராம். அதை விற்பதா, வைத்துக்கொள்வதா, மழை ஈரத்தில் அதன் சுருதி எப்படி இறங்குகிறது. அழைப்பை முடிக்கும்போது, மறுபடியும் எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்பாராம். டார்லீன்தான் விளையாட்டாக அவருக்கென்று ஓர் எண் போட்டு வைத்தார். முப்பது பெண்களும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை பட்டியலைச் சுத்தம் செய்யும்போது அழித்துவிடலாம் என்று இருந்தார். வியாழக்கிழமையே எல்லோர் கையிலும் அட்டைப் பெட்டியைக் கொடுத்து, சொந்தச் சாமான்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

"நீங்கள் யாருமே கேட்கவில்லையா, அது என்ன என்று?"

"பெரிய பொருளாதார அறிஞர் என்று நினைத்தோம்" என்றேன்.

டார்லீன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பது நீண்டுகொண்டே போனது. பிறகு சொன்னார்: "இரண்டு மூன்று வருடம் நான் உன்னைத் திட்டினேன். உன் பெயர் தெரியாது. துணி மடிக்கும்போது திட்டுவேன். நீ தப்பும் தவறுமாக எண் போடுவாய், எல்லாம் குட்டிச்சுவராகி எங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று இருந்தேன்."

தப்பாகப் போடவில்லை என்று நான் மெல்லச் சொன்னேன். தெரிகிறது, இல்லாவிட்டால் கூப்பிட்டிருப்பார்களே என்றார்.

வெளியே மழை விட்டிருந்தது. நான் அட்டையை எடுத்தேன். டார்லீன் அதை வாங்கிக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி, தகுதிக் கேள்விகளில் மூன்றாவதின்மேல் விரலை வைத்தார். நீங்களோ உங்கள் வீட்டாரோ எப்போதாவது கருத்துக்கணிப்புத் தொழிலில் வேலை செய்ததுண்டா? ஆம் என்றால் பேட்டியை நிறுத்தவும்.

"என்னை நீ எடுக்க முடியாது."

நாற்பது ஆகாவிட்டால் என்ன நடக்கும் என்று சொன்னேன். ஒன்பது பேரைப் பற்றிச் சொன்னேன். டார்லீன் கேட்டுக்கொண்டார். பிறகு, தன்னிடம் வேலை செய்த யாராவது இப்படி ஓர் ஆளைச் சேர்த்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அவர் பேனாவை எடுத்துக்கொண்டார். "உன்னிடம் யாராவது இதைக் கேட்டிருக்கிறார்களா?" என்றார். இல்லை என்றேன். "தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்கள் உனக்கும் உன்னைப் போன்றவர்களுக்கும் கெட்டதா, நல்லதா?" கெட்டதை முன்னால் வைத்துக் கேட்டார்.

தெரியவில்லை என்றேன். தெரியவில்லை என்றால் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பது எங்கள் இருவர் தொழிலிலும் விதி. அவர் விதிப்படி கேட்டார்.

"எனக்கு நல்லது" என்றேன். "வீட்டுக்காரர் போனபிறகு மகளைப் படிக்கவைத்தது இந்த வேலைதான். உங்களுக்குக் கெட்டது. அது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்." இங்கிலீஷ் எனக்கு எழுத்தில் வரும், பேச்சில் திக்கும். இந்த நான்கு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. டார்லீன் அவசரப்படுத்தவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். எழுதிய தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

கோவை திரும்பி முப்பத்தொன்பதைக் கொடுத்தேன். சீனிவாசன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிலோமினாவை இரண்டு பேராகக் காட்டலாமா, தூளுக்கு ஒன்று வால்வுக்கு ஒன்று என்று அவரே ஒரு யோசனை சொன்னார். ஓஹாயோக்காரரின் கையாட்டலையும் பரிசீலித்தார். நான் சம்மதிக்கவில்லை. நாற்பதாவது பேட்டி ஏன் நிறுத்தப்பட்டது என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி அறிக்கையோடு வைத்தேன். டார்லீனைப் பற்றி எல்லாவற்றையும் எழுதினேன்.

அறிக்கையில் வாடிக்கையாளர் முழுசாகப் படித்தது அந்த ஒரு பக்கத்தைத்தான். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. கணினிக்கு எண் போடத் தெரிகிறதா என்று பார்க்க மனிதர்கள் வேண்டும், ஒன்பது பேரும் இருக்கட்டும். அவர்களுக்குமேல், அமெரிக்கப் பேச்சு புரிந்த அனுபவசாலி ஒருவர் சரிபார்க்க வேண்டும். அந்த டார்லீன் வருவாரா?

வந்தார். இப்போது நெப்ராஸ்காவில் தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து எங்கள் கோவை அலுவலகத்துக்கு வேலை செய்கிறார்.

ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம வேலையத் தூக்கி எதுக்குங்கக்கா அமெரிக்காவுக்குக் குடுக்கணும்? இங்க ஆளே இல்லீங்களா?" என்று சுகந்தி என் மேசைக்கு வந்து கேட்டாள். அவங்க நல்லா செய்வாங்க சுகந்தி என்றேன். அவள் ஒரு வாரம் என்னோடு கீழே பேக்கரிக்கு டீ குடிக்க வரவில்லை. அந்த வாரம் டார்லீன் நான் எண் போட்ட பதினோரு பதில்களைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். இரண்டில் அவர் தப்பு. ஒன்பதில் நான். உட்கார்ந்து மறுபடியும் போட்டேன்.

அடுத்த வாரம் சுகந்தியே வந்தாள். ஒரு பதில் எதிலும் அடங்கவில்லை, அந்த அம்மாவிடம் கேட்க வேண்டும், எப்படிக் கூப்பிடுவது என்றாள். டார்லீன் என்றே எழுதலாம் என்றேன். வயசில் பெரியவங்களை எப்படிங்க பேரைச் சொல்லி, என்று இழுத்தாள். கடைசியில் 'டார்லீன் அக்கா' என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அனுப்பினாள்.

அக்கா என்றால் என்ன என்று அங்கிருந்து கேள்வி வந்தது. நான் அர்த்தத்தை எழுதி அனுப்பினேன். பிறகு சுகந்தியின் தாள் திரும்பி வந்தது. பதினாறு இடத்தில் சிவப்பு. கீழே, கையெழுத்து போட வேண்டிய இடத்தில், அக்கா என்று இருந்தது.